இலக்கியாவின் தொடையெலும்பு

திருப்பூருக்கு வெளியே, பனியன் கம்பெனிக்காரர் கட்டிவிட்ட லேபர் குவார்ட்டர்ஸில் எந்தக் குழந்தைக்கும் மாவுக்கட்டு கிடையாது. மாவுக்கட்டெல்லாம் அம்மாக்களுக்குத்தான். ஒருத்திக்கு முழங்கை, ஒருத்திக்குக் கணுக்கால், ஒருத்திக்குக் காறையெலும்பு என்று ஆளுக்கொரு இடத்தில் வெள்ளைக் கட்டோடு, தண்ணீர் லாரி வந்ததும் ஒற்றைக் கையால் குடம் தூக்குகிறவளும் நொண்டிக்கொண்டு போகிறவளுமாக வரிசையில் நின்று அவர்கள் சிரித்துப் பேசுவதைப் புதிதாக வந்தவர்கள் பார்த்தால், ஏதோ பஸ் கவிழ்ந்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள். குவார்ட்டர்ஸ்காரர்களுக்கு அது வெயில் அடிப்பது, மழை பெய்வது போலப் பழகிப்போயிருந்தது.

விளையாட்டு மைதானம் வந்த கதை இப்படி. துணி வாங்குகிற வெளிநாட்டு பையர் அனுப்பி ஆடிட்டுக்கு வந்த ஆட்கள், கழிப்பறையை எட்டிப் பார்த்தார்கள், தீயணைக்கும் சிவப்பு உருளையைத் தட்டிப் பார்த்தார்கள், கடைசியில் தொழிலாளர் பிள்ளைகள் விளையாட இடம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். கேட்ட சூட்டோடு முதலாளி எங்கோ மூடிப்போன பொருட்காட்சியிலிருந்து ஒரு சறுக்கு, ஒரு ராட்டினம், இரண்டு ஊஞ்சல், பிறகு தொங்கித் தொங்கி ஏறிப் போகிற உயரமான இரும்பு வளைவு ஒன்று, எல்லாவற்றையும் எடைக்கு வாங்கி லாரியில் கொண்டுவந்து இறக்கினார். வளைவு வளர்ந்த பிள்ளைகளுக்காகச் செய்தது. அதற்கு ஏழு வண்ணம் அடித்தார்கள், பிள்ளைகள் வில்லு என்று பெயர் வைத்தார்கள். கீழே மண் இருந்தால் போட்டோவில் அழுக்காகத் தெரியும் என்று தரை முழுக்க சிமெண்டு போட்டு, பளபளவென்று இழைத்தும் விட்டார்கள்.

முதலில் விழுந்தவன் ஆரோக்கியமேரியின் மகன் ஆன்டோ. சறுக்கின் உச்சியில் ஒரு தகடு பெயர்ந்திருந்தது, அதில் கால்சட்டை மாட்டி, குப்புற விழுந்து, முழங்கை தப்பான பக்கம் திரும்பிக்கொண்டது. ஷிப்ட் முடித்து வந்துகொண்டிருந்த ஆரோக்கியமேரி அதைப் பார்த்தாள். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரி, பதறினால் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் எதையாவது செய்கிறவள். தூக்கவும் இல்லை, ஆட்டோ கூப்பிடவும் இல்லை. அக்கம்பக்கத்தார் பையன் அழகாக இருக்கிறான் என்று சொன்னால் கண்ணுபடாமல் இருக்க என்ன செய்வாளோ அதைச் செய்தாள். அவன் முகத்தை இரண்டு கையாலும் மேலிருந்து கீழே வழித்தாள், அந்த விரல்களைத் தன் நெற்றிப் பொட்டில் மடக்கி அழுத்தி நெட்டி முறித்தாள். படபடவென்று சொடக்கு விழுந்தது. ஆன்டோவின் கை நேராகிவிட்டது. ஆரோக்கியமேரியின் முழங்கை தொங்கியது.

பெரியாஸ்பத்திரி எலும்பு டாக்டர் எப்படிம்மா விழுந்தாய் என்று கேட்டார். சறுக்கிலிருந்து என்றாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கட்டுப் போட்டார். அடுத்தடுத்து அதே குவார்ட்டர்ஸிலிருந்து ஊஞ்சலிலிருந்து விழுந்த அம்மாக்களும் ராட்டினத்தில் கால் மாட்டிய அம்மாக்களுமாக வந்துகொண்டே இருந்தபோது அவரும் கேட்பதை விட்டுவிட்டார்.

ஆண்களும் செய்து பார்த்தார்கள். அவர்கள் விரலிலும் சொடக்கு நன்றாகத்தான் விழுந்தது, முறிவு மட்டும் வரவில்லை. சில அப்பாக்கள் அதற்காக உண்மையிலேயே வருத்தப்பட்டார்கள், சிலர் வருத்தப்பட்டவர்கள் மாதிரி இருந்துகொண்டார்கள். பெற்றவள்தான் வாங்க வேண்டும் என்பதில்லை, எந்தப் பெண்ணும் எந்தப் பிள்ளையிடமிருந்தும் வாங்கலாம், ஒரு பெண்ணிடமிருந்து இன்னொருத்தியும் வாங்கலாம் என்பது சீக்கிரமே தெரிந்துபோயிற்று. ஒன்று மட்டும் கொடுமை. கைமாறும்போதெல்லாம் எலும்பு புதிதாகத்தான் ஒடியும். பாதி கூடிய எலும்பைக் கொடுத்தாலும் வாங்குகிறவளுக்கு முதல் நாள் முறிவுதான் கிடைக்கும்.

தெரிந்த பிறகு பெண்கள் அதற்கு ஒரு ஒழுங்கு கொண்டுவந்தார்கள், அவர்களுக்குத் தெரிந்த ஒழுங்கு கம்பெனி ஒழுங்குதான். துணி எப்படிக் கட்டிங்கிலிருந்து தையலுக்கும் தையலிலிருந்து செக்கிங்குக்கும் அங்கிருந்து பேக்கிங்குக்கும் பிரிந்து போகிறதோ அப்படியே முறிவும் பிரிந்து போயிற்று. மெஷினில் உட்காருகிறவளுக்கு இரண்டு கையும் வேண்டும், பெடல் மிதிக்க வலது கால் வேண்டும், ஆகவே இடது கணுக்கால் எல்லாம் டெய்லர்களுக்கு. பேக்கிங்கில் நாள் முழுக்க நிற்கிறவளுக்குக் கால் வேண்டும், அவளுக்குக் காறையெலும்பு. ஸ்டூலில் உட்கார்ந்து தைத்து வந்த பீஸில் ஓட்டையும் பிசிறும் பார்க்கிற செக்கிங் பெண்களுக்குக் கண்ணும் ஒரு கையும் போதும், அவர்களுக்கு இடது கை. கட்டுப் போட்டு லீவில் இருப்பவர்கள் மைதானத்துச் சுவரோரம் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே காவல் இருந்தார்கள். ஒரு பிள்ளை விழுந்தால், மரத்துப்போன இடத்தில் வலி ஏறுவதற்கு முன்னாலேயே ஒருத்தி ஓடிப்போய் முகத்தை வழித்து, எந்த எலும்போ அதற்குரியவள் வரும்வரை தானே வைத்திருந்து, வந்ததும் கொடுத்துவிடுவாள்.

கம்பெனிக்கும் இது தோதாக இருந்தது. கட்டுப் போட்ட பெண்ணைப் பின்பக்கத்து கோடவுனில் உட்கார வைத்து மறைத்துவிடலாம், கட்டுப் போட்ட குழந்தையை எங்கே மறைப்பது? ஆடிட் ஆட்கள் வந்து வில்லில் தொங்கும் பிள்ளைகளைப் படம் எடுத்துப் போனார்கள். ஒருமுறை பெண்கள் கூடிப் போய், சிமெண்டைப் பெயர்த்துவிட்டு மணலாவது கொட்டுங்கள் என்று மேனேஜர் நாச்சிமுத்துவிடம் கேட்டார்கள். அவர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். மணல் கொட்டினால் பிள்ளைகள் அதை வீட்டுக்குக் கொண்டுவரும், வீட்டிலிருந்து நீங்கள் கம்பெனிக்குக் கொண்டுவருவீர்கள், பீஸில் மணல் ஏறும், கடல் கடந்து போய்ப் பெட்டியைப் பிரிக்கிறவன் மணலைப் பார்த்தால் ஆர்டர் போச்சு. அதுவும் போக எந்தக் குழந்தைக்கு இப்போது அடிபட்டிருக்கிறது, ஒரு குழந்தையைக் காட்டுங்கள் என்றார். காட்டுவதற்கு ஒரு குழந்தையும் இல்லாததால் திரும்பி வந்துவிட்டார்கள்.

செக்கிங்கில் இருந்த பவுனுத்தாய் அந்தக் கூட்டத்தில் பின்னால் நின்றவள். தேனிப் பக்கத்திலிருந்து வந்தவள், முப்பது வயதுக்காரி. கேரளாவுக்கு வேலைக்குப் போன புருசன் போனவன் போனவன்தான். அவளுக்கு இருந்தது ஒரு வேலை, அந்த வேலை இருக்கும்வரை ஒரு அறை, அந்த அறைக்குள் இரண்டாம் வகுப்புப் படிக்கும் இலக்கியா என்ற மகள். ஊரார் பிள்ளைகளின் இடது மணிக்கட்டுகளை முகம் சுளிக்காமல் வாங்கியிருக்கிறாள். ஆனால் பிள்ளைகள் விளையாடுவதை மட்டும் அவளால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. அவை விளையாடிய விதம் அப்படி. வலி என்றால் என்ன என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. ராட்டினம் சுற்றும்போதே குதித்தார்கள், சறுக்கில் தலைகீழாக வந்தார்கள். கை ஒடிந்தால், தண்ணீர் பாட்டிலைத் தொலைத்துவிட்ட குரலில், யாராவது வாங்க, கை போச்சு என்று கூப்பிட்டார்கள். இலக்கியா எல்லாரிலும் துணிச்சல்காரி. வில்லின் உச்சியில் கையை விட்டுவிட்டு நின்று ஆடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படி ஆடினாள். வில்லின் ஒரு கால் சிமெண்டிலிருந்து விட்டுப்போயிருந்தது, அது சற்று அசைந்தது, அவ்வளவுதான். துணி துவைத்துக்கொண்டிருந்த பவுனுத்தாய் சோப்புக் கையோடு ஓடினாள். மகளின் தொடை நடுவில் மடிந்து கிடந்தது. மற்றவர்கள் வருவதற்கு அவள் காத்திருக்கவில்லை. முகத்தை வழித்தாள், நெட்டி முறித்தாள், அங்கேயே சிமெண்டில் விழுந்தாள். இலக்கியா எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு, மீண்டும் வில்லுப் பக்கம் போனாள்.

தொடையெலும்புக்கு எந்த லைனிலும் இடமில்லை. நிற்கிறவளுக்கும் வேண்டும், உட்காருகிறவளுக்கும் வேண்டும். டாக்டர் பிளேட் வைக்க வேண்டும், மாதக்கணக்கில் படுக்க வேண்டும் என்றார். மாதக்கணக்கில் படுத்தால் வேலை போகும், வேலை போனால் அறை போகும், அறை போனால் பெண்குழந்தையை வைத்துக்கொண்டு எங்கே போவது? இதைத் தண்ணீர் லாரிப் பக்கத்தில் பேசி, ஆளுக்கு ஒரு நாள் லீவு போட்டு அந்த முறிவை வாங்கிக்கொள்வது என்று பெண்கள் முடிவு செய்தார்கள். ஆரோக்கியமேரி முதலில் வாங்கினாள். அவள் போட்ட சத்தத்தில் காகமெல்லாம் கலைந்து பறந்தது. அடுத்து ஓவர்லாக் மெஷின்காரி, அடுத்து பேக்கிங்காரி. இப்படிக் கதவு கதவாக அந்த ஒற்றை முறிவு குவார்ட்டர்ஸைச் சுற்றி வந்தது, ஒவ்வொரு கதவிலும் புதிதாக ஒடிந்தது, எங்கேயும் தங்காததால் எங்கேயும் கூடவில்லை. பவுனுத்தாய் இரண்டு காலோடு வேலைக்குப் போனாள். ஆனால் இன்று யார் கத்துகிறார்கள் என்று தெரிந்துகொண்டே பீஸில் ஓட்டை பார்ப்பது, தானே கத்துவதைவிட மோசமாக இருந்தது.

பிறகு ஒவ்வொருத்தியாக விலகினார்கள். ஒருத்தி முழுகாமல் இருந்தாள். ஒருத்தியின் புருசன் இனிமேல் வாங்கினால் ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்றான். ஒருத்தி கதவைச் சாத்திக்கொண்டாள். பவுனுத்தாய்க்கு யார் மீதும் கோபமில்லை. எல்லார் கதவையும் தட்டிப் பார்த்த பிறகு, போதும் தாயிகளா என்று சொல்லி முறிவைத் தானே திரும்ப வாங்கிக்கொண்டு படுத்துவிட்டாள். நாச்சிமுத்து வந்து வாசலிலேயே நின்று, ஆடிட் முடியும் வரைக்கும் பார்ப்பதாகவும், அதற்குப் பிறகு வேறு ஆளுக்கு அறை வேண்டியிருப்பதாகவும் சொல்லிவிட்டுப் போனார். அவர் கெட்டவர் இல்லை, போகும்போது இலக்கியாவுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் கொடுத்தார். அவள் அதைப் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் கம்பெனி வேன் வந்து ஹாரன் அடித்தது. பவுனுத்தாய் கண்ணை மூடிக்கொண்டு அது போவதற்காகக் காத்திருந்தாள். அப்போது இரண்டு சின்னக் கைகள் அவள் முகத்தை மேலிருந்து கீழே வழித்தன. கண்ணைத் திறப்பதற்குள் சொடக்கு விழுந்துவிட்டது. பெரியவர்கள் பிள்ளைகளிடம் வாங்கலாம் என்றுதான் எல்லாருக்கும் தெரியும், பிள்ளைகள் வாங்கலாம் என்று யாருக்கும் தோன்றியதில்லை. வலியைப் பார்த்தே இராத குழந்தை, அதைப் புத்தகப் பை மாதிரி ஒரு சுமை என்று நினைத்து வாங்கிக்கொண்டது. வேன் கிளம்பிற்று. குவார்ட்டர்ஸில் அதுவரை கேட்டிராத ஒரு சத்தம் அந்த அறையிலிருந்து கேட்டது.

பவுனுத்தாய் உடனே கையை எடுத்தாள். மகள் முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள். ஆனால் வழிக்கவில்லை. வழித்தால் நாளைக் காலை ஹாரனுக்குப் பிள்ளை திரும்ப வாங்கும், சாயங்காலம் இவள் வாங்குவாள், இப்படியே கொடுத்து வாங்கி, ஆயுசு முழுக்க ஒரு எலும்பை இரண்டு பேரும் ஒடித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கத்துகிற பிள்ளையைப் பலகையோடு சேர்த்துக் கட்டி, ஆட்டோவில் போட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

எலும்பு டாக்டர் அந்தக் குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு குழந்தை வந்ததை முதல்முறையாகப் பார்த்தார். பவுனுத்தாய் நடந்ததையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்திருந்துவிட்டு, கோபமாகத்தான் பேசினார். "உங்களை யாரும்மா வாங்கச் சொன்னது? இந்த வயசுல எலும்பு தானாக் கூடிக்கும். ஒண்ணரை மாசம், ரெண்டு மாசம் அசையாம கிடந்தா எந்திரிச்சு ஓடிரும். உங்களுக்குத்தான் பிளேட்டு, ஸ்குரூ எல்லாம். இத்தனை நாள் இதுகிட்டயே விட்டிருந்தா இந்நேரம் பள்ளிக்கூடம் போயிருக்கும்."

பவுனுத்தாய்க்கு அது நெஞ்சில் குத்தியது. யாரும் அவளுக்கு அப்படி ஒரு அடி கொடுத்ததில்லை. பிள்ளைக்கு இடுப்பிலிருந்து பாதம் வரை கட்டுப் போட்டு அனுப்பினார்கள். கட்டுக்குள் கிடந்தாலும் முதல் சில நாள் வலிக்கும் என்று சொல்லி மருந்து கொடுத்தார்கள். மருந்து கொஞ்ச நேரம்தான் நின்றது.

பெற்ற வயிறு என்று ஒன்று இருக்கிறதே, அதை எதனால் கட்டுவது? அவள் கம்பெனியிலிருந்து கழித்துப் போட்ட பனியன் பட்டியைக் கொண்டுவந்து, பத்து விரலையும் ஒன்றாகச் சேர்த்து மடக்க முடியாதபடி சுற்றிக்கொண்டாள். வேலைக்குப் போகும்போது அவிழ்ப்பாள், வீட்டுக்குள் நுழையும் முன் வாசலிலேயே உட்கார்ந்து பல்லால் இழுத்து இறுக்கிக் கட்டுவாள். இலக்கியாவிடமும் தன் விரல்களைக் காட்டி, நீயும் இனிமேல் யாரிடமும் எதுவும் வாங்கக் கூடாது, உன்னிடமிருந்து யாரும் வாங்கவும் விடக்கூடாது என்று சத்தியம் வாங்கினாள். பகலில் யாரை நம்பி விட்டுப் போவது என்று பார்த்ததில், அப்போது இரண்டு கையும் விரல் நுனி வரை கட்டோடு இருந்த ஆரோக்கியமேரி ஒருத்திதான் நம்பத் தகுந்தவளாக இருந்தாள். அவள் இரண்டு கட்டுக்கும் நடுவில் தண்ணீர் பாட்டிலை இடுக்கிச் சாய்த்துப் பிள்ளைக்கு ஊட்டினாள். தன்னிடம் வாங்குவதற்கு விரல் இல்லையே என்று கூடவே அழுதாள்.

அழுகை குவார்ட்டர்ஸ் முழுக்கக் கேட்டது. அம்மா, முகத்தை வழிம்மா என்று இலக்கியா சத்தியத்தை மறந்து கூப்பிடும்போது, வராண்டாவில் நின்ற பெண்களின் கைகள் தாமாகவே எழும்பின. பவுனுத்தாய் ஒவ்வொருத்தியிடமும் போய்க் கெஞ்சிச் சொல்லியிருந்தாள். அதனால் அவர்கள் எழும்பிய கைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, உள்ளேயும் போகாமல் விலகியும் போகாமல் நின்றார்கள். ஒரு குழந்தையின் வலியைக் கேட்டுக்கொண்டு சும்மா நிற்பது அவர்களுக்கு எந்த முறிவையும்விடக் கஷ்டமாக இருந்தது.

அந்த வாரமே ஆடிட் வந்தது. நாச்சிமுத்து செக்கிங்குக்கு வந்து பவுனுத்தாயை ஸ்டூலிலிருந்து எழுப்பி, தன் பைக்கிலேயே ஏற்றிக்கொண்டு குவார்ட்டர்ஸுக்கு வந்தார். மைதானத்தில் பிள்ளைகளெல்லாம் வில்லுக்குக் கீழே கூட்டமாக நின்றன, ஒன்றும் ஏறவில்லை. ஏறுங்க ஏறுங்க என்று அவர் கைதட்டினார். ஆன்டோ இலக்கியாவின் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "விழுந்தா வலிக்கும் சார்" என்றான். அவர் கைதட்டுவதை நிறுத்தினார். பவுனுத்தாயை அறை வாசலுக்கு அழைத்துப் போய்த் தணிந்த குரலில் பேசினார்.

"ஏனம்மிணி, ஒரு மணி நேரந்தானே கேக்கறேன். அந்த ஆடிட் பொம்பள ரோட்டுல வந்துட்டு இருக்குது. நீ இப்ப வாங்கிக்கிட்டு கதவச் சாத்திப் படுத்துக்க, பாப்பா வெளிய நிக்கட்டும். அவிய போனதுக்கப்பறம் திருப்பிக் குடுத்துக்க. ரூம் உனக்கேதான், நான் ஆச்சு."

"புதுசா ஒடியும் சார். கூடிட்டு வருது."

"நீ மாட்டேன்னா வேற யாரையாச்சும் வாங்கச் சொல்லு."

அவர் வராண்டாவைப் பார்த்தார். அங்கே நின்றவர்களிடம் கட்டில்லாத கைகள் நிறைய இருந்தன. எல்லாம் கக்கத்துக்குள் இருந்தன. அவர் பெயர் சொல்லி ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டார், ஒவ்வொருத்தியும் கையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். அப்படியென்றால் நாளைக்கே அறையைக் காலி செய்ய வேண்டியிருக்கும், அதற்குப் பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது என்று பவுனுத்தாயிடம் சொன்னார். சொல்லும்போது அவருக்கே அழுகை வரும்போல இருந்தது, ஆனாலும் சொன்னார்.

பவுனுத்தாய் வாசலில் உட்கார்ந்து, பனியன் பட்டியை எடுத்து விரல்களைச் சுற்றினாள். பல்லால் இழுத்து இறுக்கினாள். சுற்றி முடித்துவிட்டு உள்ளே போனாள். இலக்கியா வியர்த்துக் கிடந்தாள். அம்மாவின் கட்டிய விரல்களைப் பார்த்ததும் இன்னும் பெரிதாக அழுதாள்.

"அம்மா, ஒரே ஒரு தடவைம்மா."

"வலிக்குதா தாயி?"

"வலிக்குதும்மா."

"வலிக்கட்டும்."

எந்தத் தாயும் சொல்லாத சொல் அது. சொன்ன வாயை அவளுக்கே அறைய வேண்டும்போல இருந்தது. மகள் தலையைத் தன் கழுத்தோடு சேர்த்து முழங்கையால் அணைத்துக்கொண்டு, அழு, நல்லாச் சத்தமா அழு என்று காதில் சொன்னாள். வெளியே வேன் வந்து நிற்பதும், வந்திறங்கிய பெண் அது என்ன சத்தம் என்று இங்கிலீஷில் கேட்பதும், நாச்சிமுத்து பக்கத்து ஊர்த் திருவிழா என்று ஏதோ சொல்வதும் கேட்டது. நாச்சிமுத்து அவசரமாக வந்து அறைக் கதவை இழுத்துச் சாத்தினார்.

பவுனுத்தாய் எழுந்து போய், பட்டி சுற்றிய கைகளால் கதவை நெம்பி, அகலத் திறந்து வைத்தாள்.